ஒற்றைப் பல்லின் சாட்சியம்: தக்காணத்துத் தொல் பாலூட்டிகளும் அவற்றின் உறவுமுறையும்

ஜொகூர் பாருவின் கிழக்குப் புறநகரான பெர்மாஸ் ஜெயாவில் இன்று வீடுகளும் கடைவரிசைகளும் நெருங்கி நின்றாலும், அங்கிருந்து வடக்கே கோத்தா திங்கியைத் தாண்டி மெர்சிங் சாலையை ஒட்டி விரியும் பாந்தி காடு போன்ற ஜொகூர் காடுகளில், பாலூட்டிகளை வகைப்படுத்த முயன்ற அறிஞர்களை இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் திணறடித்த மூன்று விலங்குகள் இன்னும் வாழ்கின்றன. முதலாவது, மலாய்க்காரர்கள் குபோங் என்று அழைக்கும் கொலுகோ. கழுத்து முதல் வால் நுனி வரை விரியும் தோலைக்கொண்டு மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிச் செல்லும் இதன் பிலிப்பைன்ஸ் உறவினத்தை, லின்னேயஸ் 1758இல் லெமூர் என்ற பேரினத்தில் சேர்த்தார். இரண்டாவது, அணிலின் உடலும் மூஞ்சூற்றின் நீண்ட முகமும் கொண்ட மர மூஞ்சூறு. பினாங்குத் தீவிலிருந்து கிடைத்த மாதிரியை 1820இல் மூஞ்சூறுகளின் பேரினத்தில் வைத்துப் பிரெஞ்சு இயற்கையியலாளர் தியார் பெயரிட, அதற்கு அடுத்த ஆண்டே ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் இவ்வகை விலங்குகளுக்குத் துபாயா என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். மூன்றாவது, வெண்மையும் கருமையும் கலந்த உரோமமும் கடும் நாற்றமும் கொண்ட மூன்ராட். முள்ளில்லாத முள்ளெலி என்று இன்று அறியப்படும் இவ்விலங்கை அதே ராஃபிள்ஸ் புனுகுப்பூனைகளின் பேரினத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

தோலும் எலும்பும் உள்ளுறுப்புகளும் முழுமையாகக் கையில் இருந்தபோதே, உயிருள்ள விலங்குகளின் இடத்தைக் கணிப்பதில் தேர்ந்த அறிஞர்கள் இவ்வளவு தூரம் விலகிச் சென்றார்கள் என்றால், ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒற்றைப் பல்லைத் தவிர வேறெதையும் விட்டுச் செல்லாமல் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன விலங்கொன்றின் உறவினர் யார் என்று எவ்வாறு சொல்ல முடியும் என்ற கேள்வி எழுகிறது. தொன்மையான பாலூட்டிகளின் வகைப்பாட்டில் இதுவே மையக் கேள்வி. இதற்கு விடை தேடும் முயற்சியில், கோதாவரி, பிராணஹிதா ஆறுகளின் கரைகளிலும் தக்காணத்து எரிமலைப் பாறைகளின் இடுக்குகளிலும் இந்திய ஆய்வாளர்கள் கண்டெடுத்த பற்கள் உலகளாவிய விவாதங்களில் இடம் பிடித்திருக்கின்றன. அவற்றின் வரலாறு தமிழ் வாசகர்களிடையே அதிகம் பேசப்படாதது வருந்தத்தக்கது.

இன்றைய வகைப்பாடு வம்சாவளி உறவை அடிப்படையாகக் கொண்டது. இரண்டு விலங்குகளை ஒரே குழுவில் வைக்கும் அறிஞர், அவை இரண்டும் ஒரு பொது மூதாதையின் வழியில் வந்தவை என்று ஒரு கருதுகோளை முன்வைக்கிறார். புதிய சான்று கிடைக்கும்போது அக்கருதுகோள் உறுதிப்படலாம், தளரலாம், முற்றிலும் கைவிடப்படலாம். மூதாதையிடமிருந்து பெற்ற ஒற்றுமையையும், ஒரே விதமான வாழ்க்கையை நடத்தியதால் வெவ்வேறு குலங்களில் தனித்தனியாகத் தோன்றிய ஒற்றுமையையும் பிரித்தறிவதே இதில் மிகக் கடினமான பணி. பின்னதைக் குவிப் பரிணாமம் என்பர். கீழே சொல்லப்படும் பெரும்பாலான குழப்பங்களுக்கு இதுவே காரணம்.

பாலூட்டிகளின் குலம் ஊர்வனவற்றின் குலத்திலிருந்து 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பிரிந்தது. பாலூட்டிகளை நோக்கி வந்த அந்தப் பெருங்கிளைக்குச் சினாப்சிடுகள் என்று பெயர். கண்குழிக்குப் பின்னால் மண்டையோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துளை இருப்பது இக்கிளையின் அடையாளம். இதன் உறுப்பினர்கள் இந்தியாவிலும் ஏராளமாக வாழ்ந்தன என்பதற்கு வங்காளத்துப் பாஞ்செட் படிவுகளில் கிடைத்த லிஸ்ட்ரோசாரஸும், தெலங்கானாவின் மலேரிப் படிவுகளில் கிடைத்து, இந்தியப் புள்ளியியல் கழகத்தை நினைவூட்டும் பெயரை 1982இல் பெற்ற எக்ஸெரீட்டோடான் ஸ்டாட்டிஸ்டிக்கேயும் சான்று. பின்னது சைனோடான்ட் என்ற உட்பிரிவைச் சேர்ந்தது; பாலூட்டிகள் தோன்றியதும் இந்தச் சைனோடான்ட்களின் கிளை ஒன்றிலிருந்தே.

பால் சுரப்பும் உரோமமும் பாறையில் எளிதில் எஞ்சுவதில்லை என்பதால், புதைபடிவம் ஒன்று பாலூட்டிக்கு உரியதா என்பதை முடிவு செய்ய ஆய்வாளர்கள் நெடுங்காலமாகத் தாடை மூட்டையே நோக்கினர். ஊர்வனவற்றின் கீழ்த்தாடை பல எலும்புகளால் ஆனது. அதன் பின்கோடியிலுள்ள எலும்பொன்று மண்டையோட்டிலுள்ள மற்றோர் எலும்போடு பொருந்தி மூட்டாகிறது. பாலூட்டிகளிலோ பற்களைத் தாங்கும் ஒரே எலும்பு கீழ்த்தாடை முழுவதுமாகி, மண்டையோட்டோடு நேரடியாகப் புதிய மூட்டொன்றை அமைத்துக்கொண்டிருக்கிறது. பழைய மூட்டின் இரண்டு எலும்புகள் சிறுத்து நடுச்செவிக்குள் இடம்பெயர்ந்து, சுத்தி, பட்டடை என்ற செவிச் சிற்றெலும்புகளாக ஒலியைக் கடத்துகின்றன. கருவின் வளர்ச்சியை ஆராய்ந்த ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் ரைகெர்ட் 1837இலேயே இந்த இடமாற்றத்தைக் கண்டறிந்தார் என்பதும், அதற்குப் பின் கிடைத்த புதைபடிவங்கள் அதைப் படிப்படியாக மெய்ப்பித்தன என்பதும் உயிரியல் வரலாற்றின் மிகச் சிறந்த பக்கங்களுள் அடங்கும். வேல்ஸ் நாட்டில் கிடைத்து 1949இல் பெயர் பெற்ற மார்கனுக்கோடானில் பழைய மூட்டும் புதிய மூட்டும் அருகருகே ஒரே நேரத்தில் இயங்கின. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சுமார் 19.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, உடல் எடை ஏறத்தாழ 2 கிராம் என மதிப்பிடப்படும் ஹாட்ரோக்கோடியத்தில் புதிய மூட்டு மட்டுமே வலுவாக எஞ்சியிருந்தது.

எந்தப் படியில் கோடு போட்டு இதற்குப் பின்வருவனவே பாலூட்டிகள் என்று சொல்வது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தாடை மூட்டை அளவுகோலாகக் கொள்வோர் மார்கனுக்கோடானையும் பாலூட்டி என்றே அழைப்பர். அமெரிக்க ஆய்வாளர் திமோதி ரோவ் 1988இல் வேறொரு வரையறையை முன்வைத்தார்: இன்று உயிரோடிருக்கும் முட்டையிடும் பாலூட்டிகள், பைம்மாப் பாலூட்டிகள், நச்சுக்கொடிப் பாலூட்டிகள் ஆகிய மூன்று தொகுதிகளுக்கும் கடைசிப் பொது மூதாதையாக இருந்த விலங்கையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தையும் மட்டுமே பாலூட்டிகள் என வேண்டும் என்பது அவர் கருத்து. உயிருள்ள உறுப்பினர்களைக் கொண்டு எல்லை வகுக்கப்படும் இத்தகைய குழுவை மகுடக் குழு என்பர். இந்த வரையறையின்படி மார்கனுக்கோடான் பாலூட்டிகளுக்கு மிக நெருங்கிய வெளிக்கிளையாகிவிடுகிறது. அதனால் ஒரே புதைபடிவத்தை ஒரு நூல் பாலூட்டி என்றும் மற்றொரு நூல் பாலூட்டி அல்ல என்றும் சொல்வதைக் காணும் வாசகர், இருவரும் விலங்கைப் பற்றிக் கருத்து வேறுபடவில்லை, எல்லையைப் பற்றியே வேறுபடுகிறார்கள் என்று புரிந்துகொள்வது நலம்.

டைனோசர்களின் காலத்துப் பாலூட்டிகளில் பெரும்பாலானவை எலி அளவைத் தாண்டாதவை. அவற்றின் மெல்லிய எலும்புகள் நொறுங்கிப்போக, எனாமல் போர்த்திய பற்களே மிகுதியாகத் தப்பின. நல்வாய்ப்பாக, பாலூட்டிகளின் கடைவாய்ப்பல் உடலின் வேறெந்த உறுப்பையும் விட நுணுக்கமான செய்தியைத் தாங்குவது. அதன் மேற்பரப்பிலுள்ள கூம்புகளை முகடுகள் என்பர். முகடுகள் எத்தனை, அவை ஒரே வரிசையில் நிற்கின்றனவா முக்கோணமாக நிற்கின்றனவா, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே உராய்கின்றன என்பவற்றைக் கொண்டே தொல் பாலூட்டிகளின் பெருங்குழுக்கள் வகுக்கப்பட்டன. மார்கனுக்கோடானில் மூன்று முகடுகள் நேர்வரிசையில் நிற்கின்றன. சிம்மெட்ரோடான்ட் என்ற குழுவில் அவை முக்கோணமாக அமைகின்றன. பைம்மாப் பாலூட்டிகளிலும் நச்சுக்கொடிப் பாலூட்டிகளிலும் மேற்பல்லின் உட்புற முகடு, கீழ்ப்பல்லின் பின்பகுதியிலுள்ள குழிக்குள் உலக்கை உரலுக்குள் இறங்குவதுபோல் இறங்கி, வெட்டுதலோடு அரைத்தலையும் ஒரே அசைவில் செய்கிறது. ட்ரைபோஸ்பீனிக் என்று பெயரிடப்பட்ட இந்தப் பல் ஒரே ஒரு முறைதான் தோன்றியிருக்க முடியும் என்று நெடுநாள் நம்பப்பட்டது. 1997இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அத்தகைய பற்களும், 1999இல் மடகாஸ்கரிலிருந்து வடகண்டங்களில் கிடைத்தவற்றை விடப் பழைமையான அத்தகைய பற்களும் வெளிவந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. லுவோ, சிஃபெல்லி, கியெலன்-யவோரோவ்ஸ்கா ஆகிய மூவரும் 2001இல், வடக்கில் ஒரு முறையும் தெற்கில் ஒரு முறையும் ஆக இரு தடவை இப்பல் தனித்தனியே தோன்றியது என்றும், தெற்கில் தோன்றிய குலத்தின் எஞ்சிய உறவினரே வாத்தலகி போன்ற முட்டையிடும் பாலூட்டிகள் என்றும் வாதிட்டனர். அது இன்னும் தீராத வழக்கு.

இந்தப் பின்னணியில்தான் இந்தியப் பற்களின் மதிப்பு விளங்கும். தென்கண்டங்கள் அனைத்தும் ஒன்றாக இணைந்திருந்த கோண்டுவானா நிலப்பரப்பின் நடுப்பகுதியில் இந்தியா இருந்தது. ஆனால் 1980 வரை வடகண்டங்களின் புதைபடிவங்களை மட்டுமே பெரிதும் வைத்து எழுதப்பட்டிருந்த வரலாற்றில் அதற்கு இடமே இல்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. எம். தத்தா, பிராணஹிதா-கோதாவரிப் படுகையின் கோட்டா படிவுகளிலிருந்து கிடைத்த பல்லொன்றை 1981இல் கோட்டாதீரியம் ஹால்டனி என்ற பெயரில் விவரித்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. இந்தியாவின் முதல் ஜுராசிக் காலப் பாலூட்டியாகிய இது சிம்மெட்ரோடான்ட் குழுவில் வைக்கப்பட்டது. இங்கிலாந்தை விட்டு 1957இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து, பின்னர் இந்தியக் குடிமகனாகவே வாழ்ந்து மறைந்த உயிரியலறிஞர் ஹால்டேனின் பெயரை அது தாங்கியிருக்கிறது. அதே கழகத்தில் அதன் நிறுவனர் மகலனோபிஸின் அழைப்பை ஏற்று லண்டன் ஆய்வாளர் பமீலா ராபின்சன் ஊன்றிய நிலவியல் ஆய்வு மரபிலிருந்தே, கோட்டா படிவுகளின் பெருந்தாவர உண்ணியான பாராபாசாரஸ் டைனோசரும் வெளிப்பட்டது. அருங்காட்சியகப் பார்வையாளர்கள் டைனோசரின் எலும்புக்கூட்டின் முன் நிற்பது இயல்பு. ஆயினும் அறிவியல் நோக்கில் அதே படிவுகளின் பல்துணுக்குகள் டைனோசருக்குச் சற்றும் குறையாத செல்வம் என்றே சொல்ல வேண்டும்.

கோட்டாவில் தொடர்ந்து பி. யாதகிரி போன்றோர் கண்டெடுத்தவற்றுக்குப் பின், மற்றொரு வகைப் பல் 2013இல் வருண் பார்மர், ஜி. வி. ஆர். பிரசாத், தீபக் குமார் ஆகியோரால் இந்தோபாடார் சோஃபியே என்ற பெயரில் வெளியிடப்பட்டது. மல்டிடியூபர்குலேட் எனப்படும் பலமுகட்டுப் பாலூட்டிகளுள் இந்தியாவில் கிடைத்த முதல் உறுப்பினர் என்று அறிவிக்கப்பட்ட இதற்கு, கோபிப் பாலைவனத்து அகழ்வுகளால் இத்துறைக்கே புதிய உயிர் கொடுத்த போலந்து அறிஞர் சோஃபியா கியெலன்-யவோரோவ்ஸ்காவைச் சிறப்பிக்கும் வகையில் பெயரிடப்பட்டது. பலமுகட்டுப் பாலூட்டிகள் எலிகளைப் போலக் கொறித்து வாழ்ந்தவை. டைனோசர்களை அழித்த பேரழிவையும் தாண்டிப் பிழைத்து, எலிகளோடு நெருங்கிய குல உறவு இல்லாமலேயே எலிகளின் வாழ்க்கையைப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் மறைந்தன.

இவற்றுக்கு மூதாதையர் ஹாராமியிடுகள் என்ற இன்னும் பழைய குழுவா என்பது இத்துறையின் மிகக் கடுமையான சர்ச்சை. 2013 ஆகஸ்டில் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் சீனாவின் இரண்டு ஹாராமியிடு எலும்புக்கூடுகள் தனித்தனிக் குழுக்களால் விவரிக்கப்பட்டன. ஆர்போரோஹாராமியாவை ஆராய்ந்தோர், ஹாராமியிடுகள் பலமுகட்டுப் பாலூட்டிகளின் உறவினர், எனவே மகுடக் குழுவின் உள்ளேயே நிற்பவை என்றனர். மெகாகோனஸை ஆராய்ந்தோர், அவற்றின் தாடையிலும் செவியிலும் பழைய அமைப்பு எஞ்சியிருப்பதால் அவை பாலூட்டிகளின் எல்லைக்கு வெளியே நிற்பவை என்றனர். இது வெறும் இடப்பிரச்சினை அன்று. ஹாராமியிடுகள் ட்ரையாசிக் காலத்திலேயே வாழ்ந்தவை ஆதலால், முதல் கருத்து சரியென்றால் பாலூட்டிகளின் மகுடக் குழு 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே தோன்றியிருக்க வேண்டும். இரண்டாவது சரியென்றால் அது ஜுராசிக் காலத்துக்குத் தள்ளிப்போகிறது. ஹைதராபாத்துக்கு அருகே பாச்சாரத்தில் கிடைத்த ஒரு பல்லை எஸ். அனந்தராமன், வில்சன், தாஸ் சர்மா, கிளெமென்ஸ் ஆகியோர் 2006இல் அவசிஷ்டா எனப் பெயரிட்டு, அது ஒரு ஹாராமியிடாக இருக்கக்கூடும் என்று எழுதியபோது, வடக்கில் எப்போதோ மறைந்த குலம் தென்னிந்தியாவில் டைனோசர்களின் இறுதி நாள் வரை தங்கியிருந்திருக்கலாம் என்ற வியப்பான சாத்தியம் திறந்தது. ஒரே பல் என்பதால், இருக்கக்கூடும் என்ற சொல்லை அவர்கள் தலைப்பிலேயே இட்டது பாராட்டத்தக்க நிதானம்.

பாச்சாரமும் அதன் அண்டை ஊர்களும் தக்காண எரிமலைப் பாறைகளின் விளிம்பில் உள்ளவை. இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கும் அந்த எரிமலைக் குழம்பு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இடைவெளி விட்டு விட்டுப் பொங்கியது; ஒரு பொங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏரிகளும் குட்டைகளும் தோன்றி, அவற்றின் சேற்றில் அக்காலத்து உயிர்களின் எச்சங்கள் படிந்தன. விகாராபாத் அருகேயுள்ள நஸ்கல் கிராமத்தின் இத்தகைய படிவிலிருந்து மண்ணை அள்ளி, ஊறவைத்துக் கரைத்து, நுண்சல்லடைகளில் அலசி, எஞ்சிய துகள்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கும் பொறுமையான வேலையின் பயனாக, ஜி. வி. ஆர். பிரசாத்தும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் அசோக் சாஹ்னியும் 1988இல் இந்தியாவின் முதல் கிரெட்டேசியஸ் காலப் பாலூட்டியை நேச்சர் இதழில் அறிவித்தனர். நாக்பூரில் வாழ்ந்து, எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட படிவுகளை முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவரான சமயத்தொண்டர் ஸ்டீபன் ஹிஸ்லப்பின் நினைவாக அது டெக்கனோலெஸ்டெஸ் ஹிஸ்லோபி எனப்பட்டது.

டெக்கனோலெஸ்டெஸ் யூதீரியன் கிளையைச் சேர்ந்தது. அதாவது, பைம்மாப் பாலூட்டிகளை விட மனிதன், யானை, வௌவால் முதலிய நச்சுக்கொடிப் பாலூட்டிகளுக்கு நெருங்கியது. மடகாஸ்கரிலிருந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து, கடல் நடுவே வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவில், அதுவரை வடகண்டங்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட கிளையின் உறுப்பினர் எப்படி வந்தது என்பதே முதல் வியப்பு. 1994இல் பிரசாத்தும் கொதினோவும் நஸ்கலின் கணுக்கால் எலும்புகளை விவரித்தபோது இரண்டாவது வியப்பு சேர்ந்தது: பாதத்தைப் பல திசைகளில் திருப்ப இடங்கொடுக்கும் அந்த மூட்டு, மரமேறி வாழ்ந்த விலங்குக்கு உரியதாகத் தோன்றியது. மரம் ஏறும் இன்றைய பாலூட்டிகளான மர மூஞ்சூறு, கொலுகோ, குரங்கினம் ஆகியவற்றோடு ஒப்பிட்டதில் ஒற்றுமைகள் தென்பட்டன. மேல்கை எலும்பும் முன்கை எலும்பும் கிடைத்த பின் 2010இல் போயரும் அவருடைய குழுவினரும், டெக்கனோலெஸ்டெஸ் மேற்சொன்ன மூன்றும் அடங்கிய யூஆர்கான்டா என்ற பெருங்குழுவின் அடித்தளத்தில் நிற்கலாம் என்று எழுதினர்.

அது மெய்யானால் மனிதன் உட்பட்ட குரங்கினத்தின் தொலைதூர உறவினர் ஒருவர் டைனோசர்கள் மடிவதற்கு முன்பே தக்காணத்து மரங்களில் ஏறித் திரிந்தார் என்றாகும். நச்சுக்கொடிப் பாலூட்டிகளின் குழு பேரழிவுக்குப் பின்னரே தோன்றியது என்ற கருத்தும் அடியோடு விழும். ஆனால் அடுத்த ஆண்டே, அஞ்சலி கோஸ்வாமி தலைமையில் பிரசாத்தும் போயரும் சேர்ந்து வெளியிட்ட விரிவான ஆய்வு வேறொரு முடிவுக்கு வந்தது. நூற்றுக்கணக்கான பண்புகளைக் கணினியில் ஒப்பிட்டபோது, டெக்கனோலெஸ்டெஸ், பேரழிவுக்குப் பிந்தைய காலத்தில் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்த அடாபிசோரிகுலிடு என்ற குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினராகவும், அந்தக் குடும்பம் முழுவதும் நச்சுக்கொடிப் பாலூட்டிகளின் மகுடக் குழுவுக்கு வெளியே நிற்பதாகவும் தெரிந்தது. மரமேறும் கால் அந்தக் கிளையில் தனியாகத் தோன்றியது என்பதே இதன் பொருள். ஓராண்டுக்கு முன் தாமே முன்மொழிந்த இடத்தை ஆய்வாளர்கள் புதிய கணக்கீட்டின் முன் விட்டுக்கொடுத்தது இந்தத் துறையின் நேர்மைக்கு நல்ல அடையாளம்.

மர மூஞ்சூறுகளின் வரலாறும் இதே பாதையில்தான் சென்றது. அவற்றின் மூளையையும் கண்ணையும் ஆராய்ந்த லெ கிராஸ் கிளார்க் 1920களில் அவற்றைக் குரங்கினத்தின் தொடக்க உறவினர் என்றார். சிம்ப்சன் 1945இல் வெளியிட்ட பாலூட்டி வகைப்பாட்டிலும் அவை குரங்கினத்துக்குள்ளேயே இடம்பெற்றன. 1960களில் ஆர். டி. மார்ட்டின், தாய் தனிக்கூட்டில் குட்டிகளை விட்டுவிட்டு இரண்டு நாளுக்கு ஒரு முறை மட்டுமே வந்து பாலூட்டிச் செல்லும் வழக்கத்தைக் கண்டு, குட்டியை ஓயாமல் பேணும் குரங்கினத்தோடு இதை எப்படி இணைப்பது என்று கேட்டார். உடற்கூற்றுச் சான்றுகளும் சேர, அவை ஸ்கேன்டென்ஷியா என்ற தனி வரிசையாயின. மரபணு ஆய்வுகள் வந்த பின், 2007இல் யானெச்காவின் குழு கொலுகோவே குரங்கினத்துக்கு மிக நெருங்கிய உயிருள்ள உறவினர் என்று காட்டியது; மர மூஞ்சூற்றின் சரியான இடமோ கொறிக்கும் விலங்குகளின் பக்கமாகச் சாய்வதும் மீள்வதுமாக இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் சேர்வராயன் மலையிலும் வாழும் சென்னை மர மூஞ்சூறு, தமிழில் மூங்கில் அணத்தான் என்று வழங்கியதை ஒட்டி 1913இல் லயான் அமைத்த அனதானா என்ற பேரினத்தில் தனி ஒருவராக நிற்பதையும் இங்கே சொல்லிச் செல்லலாம். மலாயத் தீபகற்பத்தின் இறகுவால் மர மூஞ்சூற்றுக்கு உறவான ஓர் இனத்தின் சுமார் 3.4 கோடி ஆண்டுப் பழைமையுள்ள எச்சங்களை யுன்னானிலிருந்து 2016இல் வெளியிட்டவர்கள், அன்றைய பல்லுக்கும் இன்றைய பல்லுக்கும் இடையே வியக்கத்தக்க அளவு சிறிய மாற்றமே கண்டனர்.

நஸ்கலும் அதையொத்த ஊர்களும் தந்த மற்றொரு குலம் இன்று எவ்வகையிலும் வழித்தோன்றல் இல்லாதது. அர்ஜென்டினாவில் 1980களில் முதலில் கிடைத்த, வேரின்றி வாழ்நாள் முழுதும் வளரும் உயரமான பற்களை உடைய கோண்டுவானாதீர்கள், தொடக்கத்தில் தேவாங்கைப் போல மெதுவாக நகரும் தென்னமெரிக்க ஸ்லோத்துகளின் உறவினர் என்று கருதப்பட்டன. பின்பு பலமுகட்டுப் பாலூட்டிகள் என்றனர். 1997இல் கிராஸும் பிரசாத்தும் சாஹ்னியும் மற்றவர்களும், அதே வகைப் பற்கள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பதைக் காட்டியபோது, தென்னமெரிக்கா முதல் இந்தியா வரை பரவியிருந்த ஒரே குலம் தெளிவாயிற்று. இந்தியப் பற்களுக்கு 2007இல் ஒரே ஆண்டில் இரு குழுக்கள் பாரத்தீரியம், தக்ஷிணா என்று இரண்டு பெயர்கள் இட்டன. இரண்டும் ஒரே விலங்கு என்று பின்னர் ஏற்கப்பட்டதால், முதலில் வெளியானதே நிற்கும் என்ற முந்துரிமை விதிப்படி பாரத்தீரியம் நிலைத்தது. பற்களைக் கொண்டு முடியாததை மடகாஸ்கரின் எலும்புகள் முடித்தன: 2014இல் வின்டானாவின் மண்டையோடும், 2020இல் ஏறத்தாழ முழுமையான அடலாதீரியத்தின் எலும்புக்கூடும் வெளிவந்த பிறகே, இக்குலத்தை மகுடக் குழுவில் பலமுகட்டுப் பாலூட்டிகளுக்கு அருகே வைக்கும் கருத்து வலுப்பெற்றது.

பல்லை மட்டும் நம்பினால் நேரக்கூடிய விபரீதத்துக்கு டிக்கிதீரியம் கோப்பி மறக்க முடியாத சான்று. மத்தியப் பிரதேசத்தின் டிக்கி படிவுகளில் கிடைத்த ஒரு மேல் கடைவாய்ப்பல்லைக் கொண்டு 2005இல் தத்தா இதை விவரித்தார். 22 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ட்ரையாசிக் காலத்தில் இவ்வளவு சிக்கலான பல் இருந்தது என்பது பரபரப்பை ஏற்படுத்த, டோக்கோடான்ட் என்ற ஜுராசிக் காலக் குலத்தின் வேரைத் தேடியவர்கள் இதைத் தங்கள் உறவுப்படத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 2024இல் ரஷ்ய ஆய்வாளர்கள் அவெரியனோவும் வொய்ட்டாவும் அந்தப் பல்லின் முகடுகளை மீண்டும் நுணுகி ஆராய்ந்து, அது நியோஜீன் காலத்து மூஞ்சூறு ஒன்றின் பல் என்ற முடிவுக்கு வந்தனர். நியோஜீன் காலம் தொடங்கியதே சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான் என்பதால், பிற்காலப் பல்லொன்று எவ்வாறோ பழைய மண்ணோடு கலந்திருக்கிறது என்றாகிறது. பழைய பல்லாக அதைப் படிக்க இடங்கொடுத்ததும் குவிப் பரிணாமமே; மூஞ்சூறுகளின் சிறப்புப் பல்லமைப்பும் ஜுராசிக் குலங்கள் சிலவற்றின் பல்லமைப்பும் மேலோட்டமாக ஒத்திருக்கின்றன. அந்தப் பல்லை நம்பிக் கட்டிய காலக்கணக்குகள் எல்லாம் இப்போது திருத்தப்பட வேண்டியவை. இதனால் இந்தியாவின் மற்றக் கண்டுபிடிப்புகள் ஐயத்துக்கு உள்ளாகிவிடவில்லை. நஸ்கலில் பற்களோடு கால் எலும்புகளும், பல ஊர்களில் ஒரே இனத்தின் பல மாதிரிகளும் கிடைத்திருப்பதால், அங்கே அடித்தளம் உறுதியானது. கிசல்புரியில் கிடைத்து 2007இல் குளம்புடைய விலங்கு என்று அறிவிக்கப்பட்ட கார்மருங்குலாட்டம் போன்ற ஒற்றைப் பல் உரிமைகோரல்களை மட்டும், மேலும் சான்று வரும்வரை நிறுத்திவைத்துப் படிப்பதே முறை.

இனித் தேட வேண்டியது எது என்பதையும் இந்த வரலாறே சுட்டுகிறது. மண்டையோட்டின் அடியில் உட்செவியைச் சூழ்ந்திருக்கும் செவிக்கூட்டு எலும்பு, சிறியதாயினும் உடலின் மிக அடர்த்தியான எலும்புகளுள் ஒன்று. பல்லைப் போலவே அதுவும் சல்லடையில் தங்கக்கூடியது, குல உறவைச் சொல்வதில் பல்லுக்கு இணையான நம்பகத்தன்மை உடையது. தமிழ்நாட்டில் அரியலூர்ப் பகுதியின் கல்லமேடு படிவுகள் நஸ்கலோடு ஏறத்தாழ சமகாலத்தவை. அதுவரை வடகண்டங்களில் மட்டுமே உறுதியாக அறியப்பட்டிருந்த ட்ரூடான்டிடு டைனோசரின் பல்லொன்று அங்கிருந்து கிடைத்ததை 2013இல் கோஸ்வாமி, பிரசாத் குழுவினர் அறிவித்திருக்கின்றனர். எரிமலைக் குழம்பு எட்டாத காவிரிப் படுகையின் அந்த மண்ணைப் பல பருவங்கள் தொடர்ந்து அள்ளி அலசும் வேலைக்கு ஆட்களும் பணமும் கிடைக்குமானால், டெக்கனோலெஸ்டெஸுக்கும் கோண்டுவானாதீர்களுக்கும் உரிய செவிக்கூட்டு எலும்பைத் தேடிப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடங்கள் தென்னிந்தியாவில் மிகச் சிலவே.